கால்கட்டைக்கு வாய் வந்த ஈஸ்டர்

சித்தப்பா அதை டவுன் பஸ்ஸின் கூரையிலிருந்து இறக்கி எங்கள் வாசலில் வைப்பதற்குள் கண்டக்டர் நாலைந்து தடவை விசில் ஊதிவிட்டார். "மதினி, இது அக்காவுக்கு. காலுக்குப் போடுறது. ராத்திரி வந்து சொல்றேன்" என்று அம்மாவிடம் கத்திவிட்டு, ஓடிப்போய் அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். டவுனில் வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு எலெக்ட்ரீஷியன் வேலை. பாதி வேலையில் நழுவி வந்திருக்க வேண்டும்.

அம்மா சாக்கை அவிழ்த்தாள். உள்ளே ஒரு தாழ்ந்த மரச்சட்டம்; அதன்மேல் நீள நீளமாய்க் கட்டைகள், நடுநடுவே குட்டையாய் மேடான கட்டைகள். செண்பகனூரில் அப்போது ஒரு வாரமாக விடாத மழை. வாசலெல்லாம் செம்மண் சேறு. காலுக்குப் போடுவது என்று வேறு சொல்லியாயிற்று. வெள்ளைக்காரர் வீட்டு வாசல்களில் சேறு வழிக்கக் கிடக்குமே, அந்த மாதிரி ஒன்று என்று அம்மா முடிவு கட்டி, அதை நிலைப்படிக்கு வெளியே போட்டுவிட்டாள். நான் வழித்தேன், தம்பி வழித்தான், பால்காரர் வழித்தார். மடத்துச் சமையலறையில் மேஸ்திரியாக இருந்த அப்பா மத்தியானம் வந்து இரண்டு காலையும் அழுத்தித் தேய்த்துவிட்டு, "நல்ல சாமான். மண்ணு நல்லாப் போகுது" என்று சான்றிதழும் கொடுத்தார்.

சாயங்காலம் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கச்சி, வந்தாள். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் பூவேலை சொல்லிக்கொடுத்துவிட்டுக் குடையோடு வந்தவள், வாசலில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். குடையைக் கீழே போட்டாள். ஈரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கட்டை கட்டையாகச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"மதினி, இது மிதியடி இல்ல. பாட்டுப்பெட்டிக் கட்டை. மேடா ரெண்டு, அப்புறம் மூணு, பாத்தீங்களா? காலால வாசிக்கிறது."

"அதுக்கு உங்க தம்பி வாயத் தொறந்து சொல்லணும்ல" என்றாள் அம்மா.

அத்தை துடைத்து முடித்ததும் கட்டைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் எல்லோருடைய கால் மண்ணுக்கும் சேர்த்து அவள் மன்னிப்புக் கேட்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

என் அத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இதற்காகவே என் பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன், என்னால் முடிந்த சுருக்கம். பதினாறு வயதில் ஒரு கன்னியாஸ்திரீயிடம் கற்றுக்கொண்டு, எங்கள் பங்குக் கோயிலில் கால் ஆர்மோனியம் வாசிக்க உட்கார்ந்தவள் அவள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் கோயிலுக்கு எலெக்ட்ரானிக் கீபோர்டு வாங்கிக்கொடுத்தபோது, ஒரே வாரத்தில் அதையும் வசப்படுத்திக்கொண்டாள். அத்தை வாசித்தால் எங்கள் பங்கில் சுருதி சேராத ஆளே கிடையாது என்று தோன்றும். உண்மையில் சேர்ந்த ஆளே கிடையாது. பாடகர்கள் எந்தப் பக்கம் வழுக்கினாலும் அவளுடைய இடது கை அடியில் போய்த் தாங்கிக்கொள்ளும்.

அந்த இடது கைதான் போயிற்று. முந்தின ஐப்பசி மழையில், வீட்டுக்குப் பின்னால் சரிவில் விறகோடு சறுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. மூன்று விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. சில ஞாயிறுகள் வலது கையால் மட்டும் வாசித்துப் பார்த்தாள். மேலே பாட்டு ஓடியது, அடியில் ஒன்றுமே இல்லை. அவளைக் காட்டிலும் கேட்டவர்களுக்குத்தான் அது தாங்கவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்று கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் மரியாதையாகச் சொல்லிவிட்டு, டவுனிலிருந்து ஒரு கிதார்க்காரப் பையனைக் கூட்டிவந்தார். அத்தை பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பூசை கண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வத்தலக்குண்டுச் சம்பந்தம் வந்தது. அரிசிக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அவரைப் பார்க்காமலே வெறுத்தேன். அத்தை போய்விட்டால் எனக்குத் தலை பின்னிவிட யார் இருக்கிறார்கள்? அம்மா பின்னினால் கண் பிதுங்கிவிடும்.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது; அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன் என்றாலும். ஒரு நாள் சாப்பிடும்போது அவர் அத்தையிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"நான் இருக்க வரைக்கும் சரி தாயி. அப்புறம் உன்ன யாரு பாப்பா?"

"எனக்கு இங்க சோலி இருக்குண்ணே."

"என்ன சோலி?"

அத்தை எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனாள். பூவேலை வகுப்பு ஒரு சோலிதான். ஆனால் அவள் சொன்ன சோலி அதுவல்ல என்று அந்தத் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

கால்கட்டை வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. "ஈஸ்டர் வரைக்கும் பொறுங்கண்ணே. ஈஸ்டர் பூசைக்கு நான் வாசிக்கேன்" என்றாள். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"முழுப் பூசையும் வாசிக்கணும். வாசிச்சிட்டா இந்தப் பேச்ச நான் எடுக்கவே மாட்டேன். பாதியில நின்னுபோச்சுன்னா நான் சொல்றத நீ கேக்கணும்."

"சரிண்ணே."

"ஒருத்தன் கால்கட்டுப் போடப் பாக்கான், ஒருத்தன் கால்கட்டையக் கொண்டாந்து போடுதான். நல்ல அண்ணன் தம்பி" என்று அம்மா ரசத்தை ஊற்றினாள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் கோயிலில் வாத்தியம் வாசிக்கும் வழக்கமில்லை. அதனால் பங்குச் சாமியாரிடம் கேட்டுக் கீபோர்டை வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டார்கள். இனி ஒயரைச் செருகினால் வாசிக்க வேண்டியதுதான் என்றார் சித்தப்பா. தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது இந்தக் கட்டையை அவருக்குக் கொடுத்த பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரம்மா அப்படித்தான் சொன்னாராம். என்ன ஒயர், எங்கே செருகுவது என்பதையும் சொல்லித்தான் இருப்பார். சித்தப்பாவின் காதில் ஒயர் என்ற வார்த்தை மட்டும் தங்கியிருந்தது.

கட்டையில் ஒரே ஒரு வட்ட ஓட்டை, உள்ளே ஐந்து பொடி ஓட்டைகள். கீபோர்டின் முதுகிலும் அதே மாதிரி இரண்டு. மேலே மிடி என்று எழுதியிருந்ததை நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அந்நாளில் மிடி என்றால் டவுன் பெண்கள் போடும் பாவாடை. பாட்டுப்பெட்டியில் அதற்கென்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

முதலில் சித்தப்பா கட்டைக்குச் சத்தமே இல்லை, செத்துப்போய்விட்டது என்றார். அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுல சத்தம் வர்ற வழியே இல்ல தம்பி, ஸ்பீக்கர் எங்க இருக்கு? இது வாயில்லாப் பிள்ளை. எந்தக் கட்டைய மிதிச்சாங்கன்னு இது அதுகிட்டச் சொல்லும். பாடுறது அது" என்றாள். எதையும் படிக்காமல், யாரும் சொல்லாமல், சும்மா உட்கார்ந்து பார்த்தே இதைக் கண்டுபிடித்தாள். வளர்ந்து கெட்டிக்காரர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அன்றைய அத்தைக்கு நிகராக யாரையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சித்தப்பா ஒரு பழைய டேப் ரிக்கார்டரின் ஒயரைக் கொண்டுவந்தார். அதற்கும் ஐந்து முள். கச்சிதமாகச் செருகிக்கொண்டது. அத்தை மிதித்தாள். ஒன்றும் இல்லை. மாற்றிச் செருகினார். ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து அத்தை பூவேலைக் கத்தரியால் பிளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஐந்து முள்ளில் மூன்றுக்குத்தான் கம்பி இருந்தது. மற்ற இரண்டும் அழகுக்கு நின்றன.

"எது வழியாப் பேசுதுன்னு நமக்குத் தெரியாதுல்ல. அஞ்சுக்கும் கம்பி போடுவோம். எதுவும் விட்டுப்போகாது" என்றாள்.

சித்தப்பா டெலிபோன் ஒயரைக் கொண்டுவந்து ஈயம் பற்றவைத்தார். பிறகுதான் ஒரு பிளக்கை முகத்தைப் பார்த்தும் மற்றதை முதுகைப் பார்த்தும் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. "துணியத் திருப்பினா இடது வலதாயிரும் தம்பி" என்று அத்தை சொல்லி, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை என்று ஒவ்வொரு முள்ளின் அடியிலும் பூவேலை நூல் கட்டிக்கொடுத்தாள். அவர் சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று மறுபடி பற்றவைத்தார். ஐந்து கம்பியும் சேர்ந்து தடித்துவிட்டதால் மூடியைத் திரும்பப் போட முடியவில்லை. கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டார்.

அப்போதும் சத்தம் இல்லை. சித்தப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். காப்பி கொண்டுவந்த அம்மா, ஓட்டைகளுக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். கட்டையில் அவுட் என்று இருந்தது. கீபோர்டில் ஒன்று இன், ஒன்று அவுட். சித்தப்பா அவுட்டுக்கு அவுட் செருகியிருந்தார். இனத்தோடு இனம் சேர்வதுதானே முறை என்பது அவர் கணக்கு.

"ஏன் கொழுந்தனாரே, நம்ம வீட்ட விட்டு வெளிய போறவுக இன்னொரு வீட்டுக்கு உள்ளதான போவாக? அங்கயும் வெளிய போனா தெருவுலதான் நிக்கணும்" என்றாள் அம்மா.

மாற்றிச் செருகினார்கள். அத்தை கட்டைவிரலால் ஒரு கட்டையை மெதுவாக அழுத்தினாள். அறையின் மறுகோடியில் இருந்த கீபோர்டு, யாரும் தொடாமலே, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தது. தம்பி வெளியே ஓடிவிட்டான். கொல்லைப்புறத்திலிருந்து அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "சோறு ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வாய் வந்துவிட்டது, சரி. அடுத்த வம்பு அத்தையின் கையிலேயே இருந்தது. பாட்டுப்பெட்டியில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி. ஒரு கட்டையை மிதிப்பாள்; குனிந்து தொட்டு ஒற்றிக்கொள்வாள். அடுத்ததை மிதிப்பாள், மறுபடி குனிவாள். ஒரு வரி முடிவதற்குள் பாட்டு செத்துவிடும். கையைக் கட்டுப்படுத்தினால் கால் தப்புக் கட்டையில் விழுந்தது. கால் ஆர்மோனியத்தையும் காலால்தானே மிதித்தாய் என்று சித்தப்பா கேட்டதற்கு, "அது காத்து. இது சுரம்" என்றாள். உபதேசியாருக்கும் சேதி போய்விட்டது. கோயிலுக்குள் பாட்டைக் காலால் மிதிப்பதா என்று அவர் சாமியாரிடம் போய் நின்றார். தாவீது ராஜா ஆண்டவர் சந்நிதியில் ஆடியதும் காலால்தானே என்று சாமியார் சொல்லி அனுப்பிவிட்டார்.

சாமியாரின் பதில் உபதேசியாருக்குப் போதும். அத்தைக்குப் போதவில்லை. ஒரு நாள் காலையில் அவள் வாசிக்க உட்காருமுன், முட்டி போட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எல்லாக் கட்டையையும் வலது கையால் தடவி, ஒரே தடவையாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இன்னைக்கு மிதிக்கப் போறதுக்கெல்லாம் மொத்தமா இப்பவே கேட்டுக்கிட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். அதன்பிறகு அவள் கை குனியவில்லை.

அந்தத் தவக்காலம் முழுவதும் அத்தையின் பாதங்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. காய் நறுக்கும்போது நடக்கும். எனக்குத் தலை பின்னும்போது நடக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "சுளுக்காம்மா? நல்லெண்ணெய் போடு" என்றார். கையால் பத்து வருஷத்தில் வந்ததைக் காலுக்குச் சில வாரங்களில் வரவழைத்தாள். விரல் மாதிரி வராது, அது வேறு, ஆனால் வந்தது. தப்பு விழுந்தால் முகம் சுளிக்காமல் அதே இடத்துக்குத் திரும்பி வருவாள். நான் தூங்கி விழுந்து எழுந்தாலும் அதே இடத்தில் இருப்பாள். அவளிடமிருந்து நான் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், "ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம் வத்தலக்குண்டுல இருந்து வர்றாக. வீட்ட வெள்ளையடிக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் அன்றைக்கு அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பகலில் சித்தப்பா எல்லாவற்றையும் கோயிலில் பொருத்திக் கொடுத்தார். மாதா பீடத்துக்கு முன்னால், பெண்கள் பக்கத்தை ஒட்டி, கீபோர்டுக்கு மேசை, அடியில் கட்டை, நடுவில் அந்த டெலிபோன் ஒயர். மறுநாள் பள்ளிக்கூடத்தில் விருந்து, அவருக்கு டியூட்டி. "ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு வெள்ளனே அம்மா அண்டாவில் வெந்நீர் வைத்து, அத்தையின் கால்களை முக்கி வைக்கச் சொன்னாள். கோயில் தரை அந்த நேரத்தில் ஐஸாகக் கிடக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "விறைச்சுப்போனா என்னத்த மிதிப்ப?" என்றாள். நாத்தனாரை அனுப்ப அம்மாவுக்கு ஆசையா இல்லையா என்று அதுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வெந்நீரைப் பார்த்ததும் தெரிந்தது.

கோயில் நிரம்பி வழிந்தது. அத்தை முட்டி போட்டுக் கட்டைகளைத் தடவி ஒற்றிக்கொண்டபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் வாசிக்க ஆரம்பித்ததும் அடங்கியது. மேலே வலது கை, அடியில் பாதம். ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் எங்கள் பாட்டுக்கு மறுபடி ஒரு தரை கிடைத்தது. முன்வரிசையிலிருந்த எனக்கு, எழுந்து நின்று இது என் அத்தை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பூசையின் தொடக்கத்தில் வரும் வானவர் கீதம் பாதி ஆகும்போது அடிக்குரல் நின்றது. அத்தையின் கால்கள் நடந்துகொண்டே இருந்தன, சத்தம் இல்லை. கட்டை அதிர அதிர, மூடியில்லாத பிளக் ஓட்டையிலிருந்து நழுவிவிட்டது. பாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சரிந்தார்கள். வலது கையை எடுத்தால் பாட்டே நின்றுவிடும், குனிய வழியில்லை. உபதேசியார் கிதார்க்காரப் பையனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் கிதாரை எடுத்து மடியில் வைத்தான்.

ஆண்கள் பக்கம் முதல் வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். எல்லோரும் பார்க்க நடுவழியைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வந்தார். எங்கள் கோயிலில் ஆண்கள் அப்படி வருவதில்லை. மேசைக்குப் பின்னால் போய், சலவை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, ஒயரைத் தேடிப் பிடித்துச் செருகினார். அடிக்குரல் திரும்பி வந்தது. கையை எடுத்தார்; போய்விட்டது. திரும்ப அழுத்தினார், வந்தது. பிறகு அவர் எடுக்கவே இல்லை. தங்கச்சியின் காலடியில், ஒரு முழம் தள்ளி, பிளக்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

முழுப் பூசையும் அங்கேயே இருந்தார். சாமியார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்க முதலில் பாட்டுக்காரர்களிடம் வந்தபோது, அப்பா குனிந்து கைக்குட்டையால் பிளக்கை இறுக்கிக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார், தலையே நிமிரவில்லை. கட்டு நிற்கவில்லை. பாட்டு தொடங்கியதும் மறுபடி பிடித்துக்கொண்டார். ஊரே வரிசையில் போய் நன்மை வாங்கி வந்தது. ஈஸ்டரன்று நன்மை வாங்காதவன் மேல் எங்கள் பங்கில் எத்தனை கண் விழும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாத ஏதோ பெரிய பாவம் இருக்கிறது என்று அர்த்தம். மேசை மறைத்ததால் பலருக்கு அவர் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே தெரியவில்லை. பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு ஏறிப்போகும் வழியில் கேட்டேன். "ஏம்ப்பா நீங்க நன்மை வாங்கல?"

"கையில சோலி இருந்துச்சு" என்றார்.

யாரிடமும் அவர் அதற்குமேல் விளக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டுக்குப் போய், அவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரைச் சுற்றிச் சுற்றி வந்து குதித்தேன்.

"அத்தை ஜெயிச்சிட்டாங்க. நீங்க தோத்துட்டீங்க."

"ஆமாத்தா. தோத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அவர் தோற்றதைத் தெருவெல்லாம் போய்ச் சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால், அவ்வளவு நேரத்தில், எப்போது வேண்டுமானாலும் அவர் கையை எடுத்திருந்தால் போதும் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.